பட அட்டை புரிந்த ஆசிரியர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். சிறப்புப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். 2001-இல் வெளியான நம் தென்னாப்பிரிக்க அரசின் சிறப்புக் கல்விக் கொள்கையான வெள்ளை அறிக்கை 6, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிக்க இருபது ஆண்டுத் திட்டம் போட்டது. அந்த இருபது ஆண்டும் கடந்துவிட்டது, கொள்கை நல்லதுதான், ஆனால் வகுப்பில் நிற்க ஆள் வேண்டாமா? என் பேரனுக்கு ஆட்டிசம். அவனைப் புரிந்துகொண்ட ஆசிரியை போன வருடம் ஓய்வு பெற்றார், அப்புறம் இரண்டு பருவம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அவர் செய்துகொடுத்த பட அட்டையைக் காட்டித்தான் அவன் தண்ணீர் கேட்பான். இடையில் வந்துபோனவர்களுக்கு அந்த அட்டை எதற்கென்றே தெரியவில்லை, பிள்ளை மறுபடி அழத் தொடங்கிவிட்டான்.

ஆசிரியர் படிப்புக்கு அரசு 2007 முதல் கொடுக்கும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகையில் படிப்பவர்கள், பணம் பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். சரி, அதில் சிறப்புக் கல்விக்குக் கூடுதல் இடம் ஒதுக்கி, அந்தக் கடமையைச் சிறப்புப் பள்ளியிலேயே முடிக்கச் சொல்லலாமே. வகுப்பில் ஏற்கெனவே உதவியாளராக இருக்கும் பெண்களுக்கும் பகுதிநேரமாகப் படிக்க அதே உதவியைக் கொடுங்கள், இந்தப் பிள்ளைகளை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த், டர்பன்