அக்காவுக்கு, வண்டி போவதற்கு முன்

அக்கா,

லம்போர்கினி வண்டியைக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அட்வான்ஸ் போட்டுவிட்டார், திங்கள்கிழமை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஊரில் வேறு யார் வாயிலாவது நீ இதைக் கேட்கக் கூடாது என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் எழுதுவதையெல்லாம் சின்னவன் உனக்குப் படித்துக் காட்டுகிறான் என்று தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். டேய் மாப்பிள்ளை, நடுவில் எதையும் முழுங்காமல் படி.

உன்னால்தான் விற்றேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஓசூர் பட்டறையில் இரண்டு மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வேறு, பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டது, அந்த டயரின் விலையை எழுதினால் நீ படிப்பதை இங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவாய். இதெல்லாம்தான் காரணம். சரி, கொஞ்சம் நீயும்.

தோப்பு விஷயத்தை இங்கே பேசப்போவதில்லை. யார் எங்கே கையெழுத்துப் போட்டோம், போடும்போது யார் என்ன சொன்னோம் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம் பங்காளிகள், மீதிப் பேர் வண்டி என்ன விலை என்று பார்க்க வந்தவர்கள், இரண்டு கூட்டத்துக்கும் இங்கே ஒன்றும் கிடையாது. 2015 மாடல், பெங்களூரில் ஒருவர் ஓட்டிச் சலித்த பழைய வண்டி, ஊரில் சொல்லுகிற விலை இல்லை. அவ்வளவுதான் சொல்லுவேன்.

“அந்தக் காசுக்கு எத்தனை டிராக்டர் வாங்கியிருக்கலாம்” என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். சிரித்துவிட்டேன். லம்போர்கினி என்கிற அந்த மனுஷன் முதலில் செய்ததே டிராக்டர்தான் அக்கா, 1948இல். கார் கம்பெனி ஆரம்பித்தது 1963இல்தான். இதை உன்னிடம் நேரில் சொல்லி உன் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை, அதற்குள் நீ பேசுவதை நிறுத்திவிட்டாய்.

இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்தான் என்று உனக்குத் தெரிய வேண்டுமில்லையா? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எடுப்பேன். சீட்டுக்குப் பின்னால் 5.2 லிட்டர், பத்து சிலிண்டர். குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் தெருநாய் அத்தனையும் எழுந்துவிடும், அதற்காகவே ஸ்டார்ட் பண்ணின கையோடு ஓசைப்படாமல் உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்துவிடுவேன் (ஓசைப்படாமல் என்பது என் கணக்கு). காவேரிப்பட்டணத்தில் ஏறினால் தர்மபுரி தாண்டி தொப்பூர் வரைக்கும். கணவாய் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே திரும்பிவிடுவேன், டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிற லாரிக்காரர்களுக்கு முன்னால் இந்த வண்டி மட்டுமில்லை, எந்த வண்டியும் நிற்காது. ஏழு கியரில் இரண்டாவதிலேயே நூறு வந்துவிடுகிறது, நாலு வழிச் சாலையில் காருக்குச் சட்டமே நூறுதான், ஆக மீதி ஐந்து கியரும் சும்மா. அதற்கு மேல் போனேனா என்று கேட்காதே, போலீஸில் இருக்கிற சித்தப்பா மகனும் இதைப் படிக்கிறான். திரும்பும்போது ஒரு டீ, ஏழரைக்கு வீடு. வாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம் யாரும் என்னிடம் கடன் கேட்டதில்லை, டெலிவரி எப்போது என்று கேட்டதில்லை. நீயும் மாமாவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதை எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பொங்கலோடு மூன்று வருஷம் ஆகிவிட்டது. நீ புதுப் பட்டுப்புடவையில் வந்து, “கோயில் வரைக்கும் இதில் போகலாம்டா” என்று நீயாகத்தான் கேட்டாய், நான் கூப்பிடவில்லை, இதையும் பங்காளிகள் தெரிந்துகொள்ளட்டும். அந்த வண்டியின் உயரமே 1165 மில்லிமீட்டர், உன் தோளுக்கு எட்டாது. ஏறும்போது ஏறவில்லை, விழுந்தாய், விழுந்து சிரித்தாய். ஊர் முனை வேகத்தடையில் நான் பட்டனை அழுத்தி மூக்கைத் தூக்க, வண்டி இரண்டு விரல் எழும்பி ஊர்ந்து தாண்டியதும், “என்னடா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது இதுக்கே பயப்படுது” என்றாய். அந்த இரண்டு கிலோமீட்டரும் நீ சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாய் அக்கா. மடியில் பூஜைக்கூடை, ஒரு கையால் தேங்காயைப் பிடித்துக்கொண்டு.

கோயில் வாசலில் பையன்கள். “அண்ணா ஒரு முறுக்கு முறுக்குங்கண்ணா.” நீ உன் பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, எழ முடியாமல், என் பக்கம் திரும்பி, “வந்து கை குடுடா” என்றாய். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய். ஒருத்தன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான், நான் முறுக்கினேன். அந்தச் சத்தத்தில் நீ அதிர்ந்து மறுபடியும் சீட்டில் விழுந்தாய், கூடை கவிழ்ந்தது, தேங்காய் உருண்டு வாசல்படி வரைக்கும் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், வீடியோவில் தெரிகிறதே, மறைப்பதற்கென்ன. இருபத்து மூன்று நொடி. அதற்குப் பாட்டு வேறு போட்டு யாரோ சுற்றவிட்டு, ஓசூரில் என் பட்டறைப் பையன் என்னிடமே காட்டினான், “அண்ணா, உங்க வண்டி மாதிரியே இருக்கு” என்று. உன்னை அவனுக்குத் தெரியவில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு நீ வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாய். நான் பின்னால் மெதுவாக வந்தேன், நீ திரும்பவில்லை. இரண்டு கிலோமீட்டர், முதல் கியரில்.

மன்னிப்பு கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுதக் கோபமும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். “தோப்பைக் காரில் போட்டுக் கரைத்தான்” என்று நீ சொன்னது பாலக்கோடு வரைக்கும் போய் எனக்குத் திரும்பி வந்தது. அப்பா செவலையை வளர்த்தாரே, அது ஒரு நாளாவது ஏர் இழுத்ததா? பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், தினமும் பச்சை முட்டை, நமக்கு முட்டை எப்போது என்று உனக்கே ஞாபகம் இருக்கும். வருஷத்தில் ஒரு நாள், எருது விடும் விழாவில், நாலு தெரு நீளம் ஓடுவதற்காக. அப்பாவை யாரும் ஊதாரி என்று சொல்லவில்லை. கொம்புக்குச் சாயம் பூசியதே நீதான், பூசிவிட்டு அதன் நெற்றியில் உன் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாய். என் வண்டியின் பெயர் ஹுரக்கான். அதுவும் ஒரு காளையின் பெயர்தான், 1879இல் ஸ்பெயினில் அலிகாந்தே என்கிற ஊரில் சண்டைக்கு இறங்கிய காளை. இது தெரிந்த நாளில் உன்னிடம் ஓடி வந்து சொல்ல நினைத்தேன். நீ மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாய், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாய்.

செவலை ஓடும்போது அப்பா யாரையும் கீழே விழவைத்துச் சிரித்ததில்லை என்று நீ சொல்லுவாய். தெரியும்.

இன்னொன்று, சின்னவன் இதைப் படிக்கும்போது குரல் தடுமாறினால் திட்டாதே. ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஏழரைக்கு என் வீட்டில் இருப்பான். வண்டி கழுவத்தான். ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்ததில்லை, நான் எத்தனையோ முறை சொல்லியும், “அம்மா ஏறாத வண்டி மாமா” என்பான். நீ ஏறியிருக்கிறாய் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அந்த வீடியோ அவன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, இல்லை, பட்டும் அப்படிச் சொல்கிறானோ என்னவோ.

திங்கள்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஐந்தரைக்கு உன் வீட்டு முனையில் நிற்பேன், வாசல் வரைக்கும் வரமாட்டேன், சத்தம் கேட்கும். கோயிலில் அந்த நேரத்தில் பூசாரியைத் தவிர ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். இறங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது, அன்றைக்கு எனக்கே தெரியாது: முதலில் இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் எழ வேண்டும். கூடையை நான் வாங்கிக்கொள்கிறேன். என்ஜினை அணைத்துவிட்டு உன் பக்கம் சுற்றி வருவேன், அதுவரைக்கும் எழுந்திருக்காதே.

உன் தம்பி