அந்த நோயாளியைப் பற்றி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குத் தஞ்சாவூரிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதிலேயே காலைப்பொழுது போகிறது, மற்றபடி நலம்.

'காமத்துக்கு அடிமையாகிவிட்டேன்' என்று உன்னிடம் வந்து அழுத ஐம்பது வயதுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதே வாக்கியத்தோடு என்னிடமும் வருகிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே நோய். சிலருக்குக் குற்ற உணர்ச்சி மட்டும்தான். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் இந்தக் கோளாறை ஏற்றுக்கொண்டது. ஆனால் குடி, சூதாட்டத்தோடு சேர்க்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்தது. நோய் என்று சொல்ல, ஆறு மாதமோ அதற்கு மேலோ அடக்கப் பார்த்துத் தோற்று, வேலையோ குடும்பமோ உடம்போ கெட்டிருக்க வேண்டும். 'இது ஒழுக்கக்கேடு' என்ற எண்ணத்தால் மட்டுமே வரும் வேதனை போதாது என்றும் அதில் இருக்கிறது. அதை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களோ 2013இல் தங்கள் கையேட்டில் இதைப் போன்ற ஒன்றைச் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள்.

ஜோஷுவா க்ரப்ஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளைப் படித்துப் பார். ஆபாசப் படம் பாவம் என்று நம்பிக்கொண்டே பார்ப்பவர்கள், குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமைகள் என்றே நினைத்துக்கொள்கிறார்களாம். நம் ஊரில் லாட்ஜில் அறை எடுத்து 'இளமையில் செய்த தவறுக்கு' லேகியம் விற்பவர்கள் எந்த ஆய்வும் படிக்காமலே இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்!

உன் நோயாளியின் விசித்திர ஆசைகளைக் கேட்டு நீ பதறியது தெரிகிறது. கனடாவின் கியூபெக்கில் 1,040 பேரிடம் கேட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது; ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கத்துக்கு மாறான ஆசை ஏதாவது ஒன்று இருந்தது. ஆசை இருப்பதே நோயாகாது. குழந்தைகள், சம்மதிக்காதவர்கள் என்று பேச்சு போனால் மட்டும் என் தாராளம் அங்கேயே முடிந்துவிடும். அதை அவரிடம் நேராகவே கேள்.

இன்னொன்று. கை நடுக்கம் என்று எழுதியிருந்தாயே, பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா? அதற்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை சிலருக்குப் பாலுந்துதலைத் தாறுமாறாகக் கூட்டிவிடும். அப்படியானால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த நரம்பியல் மருத்துவரிடம் முதலில் பேசு. அது இல்லையென்றால் என்னிடம் அனுப்பு. மனைவியையும் அழைத்துவரச் சொல்.

அன்புடன்,
வசந்தா