தள்ளாடுகிறவரை மறுபடி ரைடுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூரில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக இரவுப் பணி பார்க்கிறேன். அங்கே ஆரம்பித்ததுதான் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் பழக்கம். என் தம்பி பாலக்கோடு பக்கம் ஒரு கபடி அணியின் முக்கிய ரைடர். அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். எறிவதற்குள் அவரை வீழ்த்த எதிரணி பாயும். முன்னால் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். அது போதவில்லை என்றால் பயிற்சியாளர் கூடுதலாக ஒருவரை நிறுத்தலாம், பந்து சட்டென்று கைவிட்டுப் போகும்படி ஆட்டத்தை மாற்றலாம். நல்ல பயிற்சியாளர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். அடி விழுந்த பிறகு செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2022 செப்டம்பர் 25 அன்று மயாமி அணியின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவாய்லோவா பின்னந்தலை தரையில் மோத விழுந்தார். எழுந்து நடந்தவர் தள்ளாடினார். முதுகில்தான் வலி என்று சொல்லி அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கினார்கள். நான்கே நாளில் சின்சினாட்டியில் மறுபடி விழுந்தார். விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே போனார். அப்புறம்தான், தலையில் அடிபட்டுத் தள்ளாடியவர் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். மருத்துவர்கள் பார்த்து அனுமதித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவர் சரி என்றாலும் உட்கார வைக்கப் பயிற்சியாளரால் முடியும். அதை அவர் செய்யவில்லை.

அங்கே கேட்பதற்காவது மருத்துவர் இருக்கிறார். நம் ஊரில் பொங்கல் சமயத்துப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். மண் தரை, நாக் அவுட், விடிய விடிய ஒரே ரைடர் ஆட்டத்துக்கு ஆட்டம் இறங்குவார். கணுக்காலை ஒருவர் பிடிக்க, மூன்று பேர் மேலே விழுவார்கள். போன பொங்கலுக்கு என் தம்பியின் நெற்றிப் பொட்டில் ஒருவரின் முழங்கால் பலமாக இடித்தது. வெளியே வந்து உட்கார்ந்தவன், யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டான். முகத்தில் தண்ணீர் அடித்து, “செமி ஃபைனல்டா, ஒரே ஒரு ரைடு” என்று அனுப்பினார் கோச். மாற்று ஆட்டக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் வரை மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. விடிந்ததும் தம்பி வாந்தி எடுத்தான். தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

அந்த கோச் கெட்டவர் இல்லை. பையன்களுக்குச் சொந்தக் காசில் ஷூ வாங்கித் தருகிறவர். அப்படிப்பட்டவரே கோப்பை கண்ணுக்குத் தெரியும்போது இப்படிச் செய்கிறார் என்றால், முடிவை அவர் கையில் விடக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போட்டி நடத்தும் ஊர்க் குழுக்கள், பரிசுத் தொகையை அச்சிடும் அதே நோட்டீஸில் இதையும் அச்சிட வேண்டும்: தலையில் அடிபட்டுத் தள்ளாடியவருக்கு அன்று இரவு மறுபடி ஆட அனுமதி இல்லை. களத்தருகே ஒரு நர்ஸை உட்கார வைத்து, அவர் “போதும்” என்றால் நடுவர் அந்த ஆட்டக்காரரை உள்ளே விடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு ரைடரின் அக்கா,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.