பளபளப்பைப் பார்க்காதீர்கள், துளைகளை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை குறைந்த, கார்பன் இழையில் செய்த ரோடு பைக் (வேக சைக்கிள்) ஃபிரேம்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வாங்குவோர் கவனிக்க வேண்டியவை என்று இரண்டைச் சொன்னது. பெயிண்ட் வழுவழுப்பாக இருக்கிறதா, ‘டி800’ என்று எழுதியிருக்கிறதா என்பவையே அவை. இரண்டையும் பார்த்து ஃபிரேமின் தரத்தைச் சொல்ல முடியாது. விலையைக் குறைக்கும் தொழிற்சாலை பெயிண்டில் கை வைப்பதில்லை. பாகங்கள் உட்காரும் துளைகளிலும் முகப்புகளிலும்தான் கை வைக்கிறது.

முதலில் அந்த எண். டி700, டி800 எல்லாம் ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700எஸ் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800எஸ் 294. அது இழையின் கணக்கு, ஃபிரேமின் கணக்கு அல்ல. ஒரே ஃபிரேமில் பல தர இழைகளைக் கலந்து அடுக்குவது வழக்கம். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. மேலே கட்டம் கட்டமாகத் தெரியும் 3கே நெசவும் பெரும்பாலும் அழகுக்குப் போட்ட ஒற்றை அடுக்குதான்.

பெயிண்ட் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். பிசின் ஊறிய கார்பன் துண்டுகளைக் கையால் அடுக்கி, உள்ளே காற்றுப்பை வைத்து, எஃகு அச்சில் பூட்டிச் சூடேற்றுகிறார்கள். அச்சைத் திறந்தால் மேற்பரப்பில் ஊசித்துளைகள் இருக்கும், அச்சு சேரும் கோட்டில் பிசின் விளிம்பு இருக்கும். சீனாவின் ஷியாமெனில் செய்த பெயரில்லா ஃபிரேமுக்கும் தைவானின் தைச்சுங்கில் செய்த பெயர்பெற்ற ஃபிரேமுக்கும் இது பொது. பிறகு புட்டி, உப்புத்தாள், பிரைமர், மறுபடி உப்புத்தாள், நிறம், எழுத்து, நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட். அவசரத்தில் விளிம்பைத் தேய்க்கும் கை, மேலடுக்கு இழையையும் சேர்த்து அறுத்துவிட்டால், புட்டி அதை மூடிவிடும். பளபளப்பு பெயிண்டரின் திறமைக்குத்தான் சாட்சி. ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, உள்ளே சிக்கிய தூசி, வழிந்து உறைந்த கிளியர் எல்லாம் கண்ணை உறுத்தும், ஓட்டத்தைக் கெடுக்காது. விலை பேசும்போது அவற்றைச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவே.

உட்புறத்தை யாரும் அப்படிப் பூசி மறைப்பதில்லை. செல்பேசியில் செருகும் மலிவான எண்டோஸ்கோப் கேமராவை பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் கூடு) துளை வழியாக விட்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் டியூபும் அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே துணி மடிந்ததுபோல் சுருக்கம் இருந்தால் வேண்டாம். கார்பன் இழை நேராக இருந்தால்தான் பாரம் தாங்கும். கிழிந்த காற்றுப்பைத் துண்டு உள்ளே ஒட்டியிருப்பது வேறு விஷயம். அது கடகடக்கும், ஆபத்தில்லை.

அதிகம் தொல்லை தருவது பாட்டம் பிராக்கெட். பிபி86 வகையில் 86.5 மி.மீ. அகலமான கூட்டில் 41 மி.மீ. துளைக்குள் பேரிங் உள்ள கப்பை அழுத்திச் செருகுகிறோம். மரை கிடையாது, இறுக்கம் ஒன்றுதான் பிடி. நல்ல தொழிற்சாலை ஃபிரேமை ஒட்டி முடித்தபின் இரு பக்கத் துளைகளையும் ஒரே அமைப்பில் கடைந்து எடுக்கும். மலிவு ஃபிரேமில் அச்சிலிருந்து வந்த துளையே இறுதித் துளையாக நின்றுவிடுவதுண்டு. அப்போது துளை முட்டை வடிவாகும், அல்லது இரண்டு துளைகளின் மையமும் ஒரே கோட்டில் வராது. புது பேரிங்கே மிதிக்கும்போது கறக் கறக்கென்று சத்தம் போடும், சீக்கிரம் தேயும். கிரீஸ் போட்டால் சில நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும். வெர்னியரால் ஒவ்வொரு துளையையும் நான்கு திசையில் அளந்து பாருங்கள். ஒரே துளைக்குள் 0.1 மி.மீ. வேறுபாடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளையை அளக்கும் கருவியான போர் கேஜ் இன்னும் துல்லியம். கோவைப் பக்கம் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்! ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு, நடுவில் ஒன்றோடொன்று மரையில் பூட்டிக்கொள்ளும் கப் ஓரளவு கைகொடுக்கும். இனி வாங்குபவர்கள் கப்பைத் திருகிப் பூட்டும் பிஎஸ்ஏ அல்லது டி47 மரை வைத்த ஃபிரேமைக் கேட்டு வாங்குங்கள். சில பத்து கிராம் கூடினால் கூடட்டும்.

ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங் உட்காரும் சரிவிலும் பிரேக் காலிப்பர் உட்காரும் தட்டையிலும் பெயிண்டே இருக்கக் கூடாது. பேரிங்கின் சரிந்த விளிம்பில் மார்க்கர் மை தடவி, உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றி எடுங்கள். மை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அங்கே பெயிண்ட் மேடு இருக்கிறது. 600 எண் உப்புத்தாளால் பெயிண்டை மட்டும் கையால் எடுத்தால் போதும். பிரேக் தட்டையில் மேடு இருந்தால் எத்தனை முறை மையப்படுத்தினாலும் டிஸ்க் உரசும், பேட் ஆப்பு வடிவில் தேயும். அதற்கு முகப்பைச் சமமாகச் சீவும் ஃபேசிங் கருவி வேண்டும், அரம் உதவாது.

அடுத்து, பலரைக் கலங்க வைக்கும் மயிர்க்கோடு. பெயிண்டில் விரிசலா, கார்பனிலா? சீட் கிளாம்ப் அருகிலும் குழாய்கள் ஒட்டிய மூட்டுகளிலும் கனமான புட்டி வெடித்துக் கோடு விழுவது சகஜம். கோட்டின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்துப் படமெடுத்து வையுங்கள். முனை நகர்ந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். நாணயத்தால் சுற்றிலும் தட்டுங்கள். ‘டக்’ என்ற கூர்மையான ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பக்கத்துப் பகுதியையும் எதிர்ப்பக்கத்தையும் தட்டி ஒப்பிட வேண்டும், ஏனென்றால் மூட்டுகளில் கனம் மாறுவதாலேயே ஒலியும் மாறும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் 600 எண் தாளை நனைத்து மெல்லத் தேய்க்கலாம். வெள்ளைச் சேறு வந்தால் கிளியர், நிறம் வந்தால் பெயிண்ட். கோடு அதோடு மறைந்தால் கவலையில்லை. கறுப்பு பெயிண்ட் இல்லாத ஃபிரேமில் கறுப்புச் சேறு வந்தால் கார்பனைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். கோடு இன்னும் தெரிந்தால் ஃபிரேமை கார்பன் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கோடு கண்டால் இந்தச் சோதனைகளே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பாட்டில் திருகு, சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட் போன்ற அலுமினியத் துண்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்தால் பெயிண்டர்மேல் பழி போடாதீர்கள். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி உப்பிப் பெயிண்டைத் தூக்குகிறது. இரண்டுக்கும் இடையே கண்ணாடி இழை அடுக்கு வைத்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவோரும் வீட்டு டிரெய்னரில் வியர்வை சொட்ட மிதிப்போரும் இதை அடிக்கடி பாருங்கள். கொப்புளத்தின் மேல் மறுபெயிண்ட் அடிப்பது வீண்.

மறுபெயிண்ட் என்றதும் பவுடர் கோட்டிங் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும். கார்பனின் பிசின் அவ்வளவு சூட்டைத் தாங்காது. பெயிண்ட் உரிக்கும் ரசாயனமும் பிசினைத் தின்னும். கல்பட்ட சிறு காயத்துக்கு நிறமற்ற நகப்பூச்சு போதும். வெயிலின் புற ஊதாக் கதிர் படாமல் மூடுவதுதான் நோக்கம்.

பெரிய நிறுவனம் என்றால் குறையே வராது என்று சொல்லவில்லை. 2021இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் டார்மாக் எஸ்எல்7 வண்டிகளை, ஃபோர்க்கின் மேல்முனையான ஸ்டீரர் குழாய் சேதமடையக்கூடும் என்று திரும்ப அழைத்தது. மலிவு ஃபிரேமில் இல்லாதது அப்படித் திரும்ப அழைக்கும் வழிதான். யார் வாங்கினார், எந்தத் தொகுதி என்ற பதிவே பல விற்பனையாளரிடம் கிடையாது. பணம் கட்டும் முன் வரிசை எண்ணையும் ஐஎஸ்ஓ 4210 (சைக்கிள் பாதுகாப்புத் தரம்) சோதனை அறிக்கையையும் கேளுங்கள். அறிக்கையில் உங்கள் ஃபிரேமின் மாடல் எண்ணும் கூடவே வரும் ஃபோர்க்கின் மாடல் எண்ணும் இருக்க வேண்டும். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் ஸ்டிக்கரைக் காட்டிச் சமாளித்தால் ஏற்காதீர்கள். அது போட்டி விதிகளின் வடிவ அளவுகளுக்கான ஒப்புதல், வலிமைச் சான்று அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்