ஆர்மாமலையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பயணப் பக்கத்தில், நெவாடா பாலைவனத்தில் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க நடந்துபோன கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில் ‘நம் வட ஆற்காட்டுப் பக்கம் இப்படி நடந்துபோய்ப் பார்க்க ஒன்றும் இல்லையே’ என்று ஒரு வரி வந்ததே, ஆர்மாமலைக் குகை ஓவியங்களை மறந்துவிட்டு எழுதிய அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

கட்டுரையில் வந்த அந்த வேலி ஆஃப் ஃபயர் (Valley of Fire) பூங்காவுக்கு நானும் போயிருக்கிறேன். மகள் லாஸ் வேகாஸில் இருக்கிறாள், அங்கிருந்து 80 கிலோமீட்டர் இருக்கும். பிப்ரவரியில் போனதால் வெயில் பொறுக்க முடிந்தது. மௌசஸ் டேங்க் என்ற பள்ளத்துக்குப் போக வர ஒன்றேகால் கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க மணல், என் முழங்காலுக்குக் கொஞ்சம் கஷ்டம். இரண்டு பக்கமும் செம்பாறை. அதன்மேல் இரும்பும் மாங்கனீசும் ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்து கருப்பாக ஒரு படலம் இருக்கிறது. அந்தக் கருப்பைக் கல்லால் கொத்தி எடுத்துத்தான் வளைந்த கொம்புள்ள மலை ஆடு, கை கோத்த மனிதர்கள், சுழிகள் எல்லாம் போட்டிருக்கிறார்கள். பேத்தி தொடப் போனாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு இடத்தில் உயரத்தில் இருக்கும் செதுக்கலைக் கிட்டப் போய்ப் பார்க்க இரும்புப் படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி நிற்கும்போது எனக்கு ஆர்மாமலை ஞாபகம்தான் வந்தது.

ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டில் இருக்கிற ஆர்மாமலைக் குகை உங்களுக்குத் தெரியாததல்ல. 8ஆம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் தங்கிய இடம். உள்ளே சுடாத மண்ணால் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன, சுவரிலும் கூரையிலும் சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்படும் ஓவியங்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் பெரியப்பா கூட்டிப்போனார். தோளில் தூக்கிக் காட்டினார், ஒரு மூலையில் பச்சையும் சிவப்புமாக அவ்வளவு தெளிவாக இருந்தது. இரண்டு வருடம் முன்பு மறுபடி போனேன். அதே மூலையில் பூச்சு பெயர்ந்து வெறும் பாறை தெரிகிறது, பக்கத்தில் யாரோ சாவியால் கீறிய இரண்டு பெயர், நடுவில் அம்பு. வழி கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்று அழுதுவிட்டேன்.

அப்புறம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலூர் என்றால் உங்கள் பத்திரிகைக்குக் கோட்டை, ஆஸ்பத்திரி, பொற்கோயில், இந்த மூன்றுதான். வள்ளிமலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் முருகன் கோயிலோடு நிறுத்திவிடுகிறீர்கள். அதே மலையில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் கங்க மன்னன் ராசமல்லனின் கல்வெட்டும் இருக்கின்றன, ஒரு வரி வந்ததில்லை. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு இன்னும் மோசம். ஆர்மாமலை திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, வேலூர்ப் பதிப்பில் எழுத வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டீர்கள் போல. இதைப் பற்றி நான் முன்பே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை, சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தோரு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிற வீடு இது. அந்த உரிமையில் கேட்கிறேன். அந்த வரி தவறு என்று அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். கூடவே மலையாம்பட்டுக்கு எந்த பஸ், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், ஓவியத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்பதையும் நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்