பொன்னேரி மாடியில் ஒரு ஹோமர்

அன்புள்ள கலா,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொல்கிறபடி நட, வலிக்கிறது என்று நிறுத்திவிடாதே, மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பனிக்காலத்தில் இவருக்கு இழுப்பு கொஞ்சம் படுத்தியது, இப்போது தேவலை. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், அது தனிக்கதை, அதை போனில் பேசலாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு எழுதினாலும் அப்பாவுக்குப் படித்துக் காட்டு. புளியந்தோப்பு வீட்டு மாடியில் அவர் கட்டி வைத்திருந்த கூண்டும், நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓடிப்போய்க் கம்பு போட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று வந்திருக்கிறது. எங்கள் மாடிக்கு ஒரு பந்தயப் புறா வந்து சேர்ந்திருக்கிறது, கலா.

போன வாரம் சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றது. மதில்மேல் நாலைந்து காக்காய்கள். ஊர்ப்புறா என்றால் ஆளைப் பார்த்ததும் பறந்துவிடும், இது பறக்கவில்லை, என்னைப் பார்த்தபடி இரண்டு அடி நகர்ந்து நின்றுகொண்டது. சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, மூக்குக்கு மேலே வெள்ளையாகத் தடித்த சதை, காலில் வளையம். வளையத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது ஹோமர் என்று, எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் வீடு தேடிப் பறக்கிற ஜாதி. இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து, கால்கள் விரல்களுக்கு நடுவே வரும்படி பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தது கைக்கு மறக்கவே இல்லை. பிடித்ததும் நெஞ்செலும்பு விரலில் குத்தியது. அவ்வளவு இளைத்திருந்தது.

முதலில் காயம் இருக்கிறதா என்று பார்த்தேன். இந்தப் பக்கம் பட்டம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாஞ்சா நூல் சிக்கினால் இறக்கையின் அடியை அறுத்துவிடும், வெளியே சட்டென்று தெரியாது, இறகை ஊதி விலக்கித்தான் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை. இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன, தொங்கவில்லை. நோய் ஏதாவது இருக்குமோ என்று வாயைத் திறந்து பார்த்தேன், உள்ளே மஞ்சளாகக் கட்டி எதுவும் இல்லை, கழுத்தும் திருகிக்கொள்ளவில்லை. வால் இறகில் மட்டும் இரண்டைக் காணோம். வல்லூறு துரத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். பூனைப் பல் பட்டிருந்தால் அந்த ராத்திரியே மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும், சின்னக் கீறலாக இருந்தாலும் பூனை எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அது நேராததே பெரிய ஆறுதல்.

ஓட்டை போட்ட மிக்ஸி அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, மாடி அறையில் வைத்தேன். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, இவருடைய இழுப்புக்குக் காய்ந்த எச்சத்தின் தூசி ஆகவே ஆகாது. தினமும் தாளின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் மாற்றுகிறேன், மூக்கைக் கட்டிக்கொண்டு. அப்புறம் தண்ணீர். கலா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து வைத்தேன், மற்றப் பறவைகள் ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும் இல்லையா, புறா அப்படிச் செய்யாது, அலகு முழுவதையும் முக்கி உறிஞ்சும். இது மூக்கு வரைக்கும் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி ஏறி இறங்க, தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டே இருந்தது. வெயிலில் எத்தனை நேரம் வறண்டு பறந்ததோ. பக்கத்து வீட்டு அக்கா சோறும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள், நல்ல மனசு, ஆனால் வேண்டாம் என்றேன். இதற்குச் சமைக்காத தானியம்தான். கம்பு, கோதுமை, சோளம், கொஞ்சம் பச்சைப்பயறு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிராம் போதும். வந்த அன்று எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போனது, வெறும் வயிறு என்றால் அப்படித்தான் போகும், தானியம் உள்ளே போனதும் வெள்ளைத் தொப்பி வைத்த உருண்டையாகிவிட்டது. எச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

குஞ்சுக்கு ஏழெட்டு நாள் ஆகும்போது மாட்டுகிற வளையம் அது, பாதம் வளர்ந்த பிறகு கழற்ற வராது, அதனால் அதில் உள்ள கிளப் எழுத்தும் வருஷமும் எண்ணும் பொய் சொல்லாது என்று அப்பா சொல்வார். இறக்கையை விரித்துப் பார்த்தபோது உள்பக்கத்து இறகில் ரப்பர் ஸ்டாம்பால் குத்திய போன் நம்பரும் இருந்தது. ஒரு எண் அழிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் வியாசர்பாடியில் ஒரு பையன் எடுத்தான். ஆட்டோ ஓட்டுகிறானாம். விஜயவாடாவில் விட்ட பந்தயமாம். சென்னைக்காரர்கள் புறாக்களை ரயில் பாதையோடு வடக்கே கொண்டுபோய், ஓங்கோல், விஜயவாடா, நாக்பூர் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பது உனக்குத் தெரியும். விஜயவாடா என்றால் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 380 கிலோமீட்டர். மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் பறக்கிற பறவை, காலையில் விட்டால் மதியத்துக்குள் வீடு சேர வேண்டும். இது எங்கேயோ தடம் மாறி, நாள் கழித்து, பொன்னேரியில் வந்து இறங்கியிருக்கிறது. இங்கிருந்து வியாசர்பாடி அரை மணி நேரப் பறப்பு. அவ்வளவு தூரம் வந்து, அந்த அரை மணிக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்தப் பையன் சொன்ன பதில்தான் என்னைப் படுத்திவிட்டது. "அது இனி ரேஸுக்கு ஆகாதுக்கா, வேணும்னா நீங்களே வெச்சிக்கோங்க." எனக்கு ஆத்திரம் வந்தது. அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, உலகம் முழுக்க இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்து நியூ கிம் என்ற பெண் புறாவை 2020 நவம்பரில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் எடுத்தார்கள், நம் கணக்கில் பதினாலு கோடி ரூபாய். வழி தப்பிய புறாவுக்கு ஒரு பிடி கம்பு செலவழிக்க யோசிப்பார்கள். அதே வருஷம் டிசம்பரில் மெல்போர்னில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு புறா வந்து இறங்கியது, ஜோ என்று பேர் வைத்தார்கள். கால் வளையத்தைப் பார்த்து அமெரிக்காவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வந்தது என்று நம்பி, நோய் கொண்டுவந்திருக்கும், கொல்ல வேண்டும் என்று அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் வளையமே போலி, அது ஆஸ்திரேலியப் புறாதான் என்று தெரிந்து தப்பியது. பாவம், அடைக்கலம் தேடி வந்த ஜீவனுக்கு அதுவா வரவேற்பு?

பந்தயமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் ஒவ்வொரு கூண்டுக்கும் தூரம் வேறு என்பதால் நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு ஜெயித்தவரைச் சொல்வதும், வானத்தைப் பார்த்தபடி மாடியில் தெருவே காத்திருப்பதும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் புறா வராமல் போவது எப்போதும் அதன் குற்றமா? 2021 ஜூனில் இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் விட்ட பந்தயத்தில் பல ஆயிரம் புறாக்கள் ஒரே நாளில் காணாமல் போயின. வழக்கமாக வீடு திரும்புகிற புறாக்கள்தான் அவை. சூரியனை வைத்துத் திசை பார்க்கும், மேகம் மூடினால் பூமியின் காந்தத்தை வைத்துப் பார்க்கும், அதை 1971-இல் கீட்டன் என்பவர் புறா முதுகில் காந்தம் கட்டிக் காட்டினார், மேகமூட்ட நாளில் காந்தம் கட்டியவை தடுமாறின. இத்தாலியில் பாப்பி என்பவர் வாசனையாலும் வழி கண்டுபிடிக்கிறது என்றார். பழகிய இடத்துக்கு வந்துவிட்டால் சாலையைப் பார்த்தே பறக்கும், சந்திப்பில் திரும்பக்கூடச் செய்யும் என்று ஆக்ஸ்போர்டில் கண்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பில். நம் பக்கத்து ஒடிசாவில் 1946-லிருந்து போலீஸ் புறாக்கள் இருந்தன, 1948-இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டக்குக்குப் புறா மூலம் சேதி அனுப்பினார், 1999 பெரும்புயலில் போன் எல்லாம் அறுந்துபோனபோதும் அவைதான் பறந்தன. அப்படிப்பட்ட பறவை ஒரு நாள் களைத்து இறங்கினால் ஆகாததாகிவிடுமா? முட்டையிலிருந்து வளர்த்து, வண்டியில் ஏற்றி முன்னூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டவருக்கு அது தோற்று வந்தாலும் இடம் கொடுக்கிற கடமை இருக்கிறது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதைத்தான் அவனிடமும் சொன்னேன். "தம்பி, நான் வைத்துக்கொண்டாலும் கதவைத் திறந்த நாள் அது உன் மாடிக்குத்தான் வரும், ஹோமரை இன்னொரு வீட்டுக்குப் பழக்குவது லேசில்லை, ஆயுசு முழுக்க அடைத்துத்தான் வைக்க வேண்டும், எனக்கு அதில் இஷ்டமில்லை. வந்தால் தண்ணீரும் தானியமும் வைப்பாயா, மாட்டாயா, அதை மட்டும் சொல்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வந்தா வெச்சிக்கறேங்கா" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டான், தின்னுச்சா என்று கேட்க. அப்புறம் தினமும் கூப்பிடுகிறான். இது பெட்டையாம், முதல் முட்டை வைத்து அடையில் இருந்தபோது பந்தயத்துக்கு எடுத்துப் போனானாம், அப்படி இருந்தால் வேகமாகத் திரும்பும் என்று அதைச் செய்வார்களாம். சேவல் தனியாக இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டதாம். பகலில் சேவலும் மற்ற நேரமெல்லாம் பெட்டையுமாக மாறி மாறி அடை காக்கிறவை, பாதி ஆள் இல்லாமல் எப்படி நடக்கும்? இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. நல்ல பையன்தான் கலா, வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

இப்போது புறா தேறிவிட்டது. கையில் எடுத்தால் கனம் தெரிகிறது, பெட்டிக்குள் இறக்கையை அடித்துப் பார்க்கிறது, காலையில் ஜன்னல் பக்கம் தெற்கே திரும்பி நிற்கிறது. தெற்கேதான் சென்னை. அப்பாவிடம் கேட்க வேண்டியது இதுதான். வெயில் ஏறுமுன் ஒரு தெளிவான காலையில், தூக்கி எறியாமல், மாடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டால் அதுவாகவே கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வால் இறகு இரண்டு குறைவு, இந்தப் பக்கம் வல்லூறு நடமாட்டம் இருக்கிறது, வழியில் எண்ணூர் பக்கம் மின்கம்பிகள் வேறு. பையன் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். இவர் என்னடாவென்றால், பறந்தே வந்தது, பறந்தே போகட்டும், அதன் வீட்டுக்கு அதுவே போனால்தான் அதற்குத் தெம்பு திரும்பும் என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் மனசு இழுக்கிறது. வால் இறகு முளைக்கிற வரைக்கும் காத்திருப்பதா, அதுவரை அடைத்து வைத்தால் இறக்கையின் பலம் குறைந்துபோகுமா, அல்லது பையனிடமே கொடுத்து அவன் கூண்டில் ஜோடியோடு இருந்தே தேறட்டும் என்று விடுவதா? அப்பா எத்தனையோ புறாவைப் பார்த்தவர். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே செய்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரிக்குள் போன் பண்ணு, அப்பாவையே பேசச் சொன்னால் இன்னும் நல்லது, காது சரியாகக் கேட்காவிட்டால் நீ பக்கத்தில் இருந்து சொல்லு. முட்டி தேறியதும் இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ, மாப்பிள்ளையிடம் நான் பேசுகிறேன்.

உன்
விஜி