பெட்டியை எடுத்து வைத்த அக்காவுக்கு நன்றி

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து வானிலை பலூனில் கேமராவைக் கட்டி விட்டோம். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து பலூன் உப்பிக்கொண்டே போகும். 30 கிலோமீட்டர் வாக்கில் வெடித்து, பெட்டி பாராசூட்டில் இறங்கும். அதுவரை எல்லாம் சரி. இறங்கிய இடத்தில் டிராக்கர் சிம்முக்கு டவர்தான் கிடைக்கவில்லை.

செஞ்சி பக்கம் மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லையில் அதைப் பார்த்த அக்கா, தெர்மாகோல் பெட்டியில் எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க டப்பா இங்க கெடக்கு. ஆடு ரப்பரத் திங்க வருது, சீக்கிரம் வாங்க."

நாங்கள் போவதற்குள் கிழிந்த ரப்பரையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணம் நீட்டினால் மோர் கொடுத்து அனுப்புகிறார், பெயரும் சொல்லவில்லை.

பகலிலேயே கறுத்த வானம் படத்தில் அருமையாக விழுந்திருக்கிறது. பிரிண்ட் போட்டு எடுத்து வருகிறோம் அக்கா. ரொம்ப நன்றி!